புயல் ஃபைலில் இல்லாத காலை

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் நான் வேலை பார்த்த போலீஸ் ஸ்டேஷன்களில், ரைட்டர் மேசைக்குப் பக்கத்து பீரோவில் 'புயல் ஃபைல்' என்று ஒரு கட்டு இருக்கும். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் அதை எடுத்துத் தூசி தட்டித் திருத்துவோம். எந்தெந்தக் குப்பம் தாழ்வான இடம், எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரைத் தங்க வைக்கலாம், சாவி யாரிடம் இருக்கும், மைக் செட் யார் கொடுப்பார், டிராக்டர் வைத்திருப்பவர் யார், மரம் அறுக்க ஆள் எங்கே கிடைக்கும், காவலர்களில் நீச்சல் தெரிந்தவர் யார் யார் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். நான் ஏட்டாக இருந்தபோது அதில் பல பக்கங்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அந்த ஃபைலை இன்றைக்கும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். 1977 நவம்பரில் நாகையைப் புரட்டிப்போட்ட புயலில் வேலை பார்த்த பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது அது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சாவு உண்டு. 'கூரை வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களை முதலில் எடுக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால் எங்கள் மூத்த ஏட்டு பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். எண் கூடக் கூட நாங்களும் வேலையை முடுக்குவோம். படகுகளைக் கரையேற்றச் சொல்வோம். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போவோம். ஊர்ப் பெரியவர்களான நாட்டார்களோடு உட்கார்ந்து பேசி, இருட்டுவதற்குள் பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவோம். புயல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் அவகாசம் கொடுக்கும். அந்த அவகாசம் கிடைத்தால் போலீஸ் எவ்வளவோ செய்யும்.

ஆக அந்த ஃபைல் முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல்தான் நின்றது. தண்ணீர் வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிடும் என்பது அந்த நம்பிக்கை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்ததால் ஸ்டேஷனில் பாதிப் பேர் அங்கே பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். மழையில்லை, காற்றில்லை, வெயில் நன்றாக ஏறியிருந்தது. காலை ஆறரைக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி உடைந்திருந்தது. அலை எங்கள் கரையைத் தொட்டது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. எங்கள் கரைக்கு அலை வருவதற்கு வெகு முன்பே கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம் மூழ்கிப்போயிருந்தது. அங்கிருந்து ஒரு வார்த்தை எங்கள் கரையிலுள்ள அக்கரைப்பேட்டைக்கு வந்து சேர அன்றைக்கு வழியே கிடையாது. செய்தியைப் பெற வேண்டியவர் யார், யாருக்குச் சொல்ல வேண்டும், கடைசியில் எந்தக் காவலர் எந்தத் தெருவில் போய்க் கத்த வேண்டும் என்கிற சங்கிலி இந்தியக் கடற்கரை முழுவதிலும் அப்போது இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எங்களுக்கு வந்த முதல் செய்தி வயர்லெஸ்ஸில் வரவில்லை. ஈரப் புடவையோடு ஓடிவந்த ஓர் அம்மாதான் கொண்டுவந்தார். "ஐயா, கடலு ஊருக்குள்ள வந்துட்டுய்யா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே விழுந்தார். அடுத்த நிமிஷம் தெரு முழுக்க ஆட்கள் மேற்கே ஓடினார்கள். நாங்கள் கிழக்கே ஓடினோம். கடுவையாற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது விசைப்படகுகள் சாலையில் கிடந்தன, வீடுகளின் மேல் சாய்ந்து கிடந்தன. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரே அழுகை. ஒரு அலையோடு முடியவும் இல்லை. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் பிள்ளையைத் தேடிப் போனவர்களை அடுத்த அலை எடுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். தண்ணீருக்குள் இறங்க வேண்டும், கையில் கிடைத்தவரைத் தூக்க வேண்டும். காக்கி போட்டவனும் மனிதன்தானே. காவலர்களில் சிலருக்கு அந்தக் குப்பங்களிலேயே உறவு இருந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போன எங்களை இன்ஸ்பெக்டர் தடுத்தார். "யோவ், எல்லாரும் உள்ள எறங்காதீங்க. ரோட்டப் புடிங்கய்யா, மொதல்ல ரோட்டப் புடிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த நொடியில் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணெதிரே ஆள் சாகும்போது ரோடு எதற்கு?

எதற்கு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. கடற்கரையிலிருந்து அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஓடுகிறவர்கள், எதிரே சொந்தக்காரரைத் தேடி வருகிறவர்கள், என்ன நடந்தது என்று பார்க்க வந்த கூட்டம், குறுக்கும் நெடுக்குமாக விட்டுவிட்டுப் போன சைக்கிளும் மோட்டார் சைக்கிளும். மினி லாரியில் உயிரோடு ஏற்றப்பட்டவர்கள் அசைய முடியாமல் நடுரோட்டில் நின்றார்கள். நுரையீரலுக்குள் மணலும் சேறும் போனவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. நாங்கள் ஒரு பக்கம் கயிறு கட்டினோம். போவதற்கு ஒரு தெரு, வருவதற்கு வேறு தெரு என்று பிரித்தோம். சந்திப்புக்கு இருவர் நின்று, ஆஸ்பத்திரி வண்டி தவிர எதுவும் நுழையாமல் பார்த்துக்கொண்டோம். தடுக்கப்பட்டவர்கள் எங்களைத் திட்டினார்கள், அடிக்கவும் வந்தார்கள். மகளைத் தேடிப் போகிற தகப்பனை மறித்து, "இந்தப் பக்கமா சுத்திப் போங்கண்ணே" என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பாதை திறந்த பிறகு வண்டிகள் நிற்காமல் போயின. பேரிடரில் போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். தூக்குவதற்கு ஆயிரம் கைகள் வரும். பாதையைத் திறந்து வைக்கிற அதிகாரம் போலீசுக்கு மட்டும்தான் உண்டு. அதை விட்டுவிட்டு நாங்களும் தண்ணீரில் இறங்கியிருந்தால் பத்துப் பேரைத் தூக்கிவந்து நூறு பேரை ரோட்டிலே சாகவிட்டிருப்போம்.

சாயங்காலத்துக்குள் வேறொரு வேலை எங்கள் தலையில் வந்து விழுந்தது. இறந்தவர்கள்.

இயற்கைக்கு மாறாக ஒருவர் இறந்தால், அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படி ஸ்டேஷனில் வழக்குப் பதிந்து, பிரேத விசாரணை நடத்தி, உடலை மருத்துவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஓர் உடலுக்கு அரை நாள் ஆகும் வேலை. நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய 8,000. ஆஸ்பத்திரி வராந்தாவில் இடமில்லாமல் வெளியே மரத்தடியில் கிடத்தினார்கள். மறுநாள் வெயில் ஏறியதும் உடல்களை வைத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பொக்லைன் வைத்துக் குழி தோண்டி, மொத்தமாக அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. நாகூர் தர்காவைச் சேர்ந்தவர்கள் எந்த மதம் என்று கேட்காமல் அடக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஈரத்தை எங்கள் ஊர் மறக்கக் கூடாது.

அவசரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தோம். எண் எழுதாமல், போட்டோ எடுக்காமல், உடுப்பும் நகையும் குறிக்காமல் எந்த உடலும் குழிக்குள் போகக் கூடாது. எங்களால் முடிந்த வரைக்கும் அப்படியே செய்தோம். முடியாமல் போன இடங்களும் உண்டு. ஊர் ஸ்டூடியோக்காரர்கள் காசு கேட்காமல் கேமராவோடு வந்து நின்றார்கள். நான் நோட்டில் எழுதினேன். 'பெண், சுமார் 30, பச்சை வாயில் புடவை, இடது கையில் பச்சை, தாலி உண்டு.' 'ஆண் குழந்தை, சுமார் 4, அரைஞாண், காலில் காப்பு.' எழுதி எழுதி விரல் வீங்கிப்போனது. பிறகு அந்தப் படங்களைப் பலகையில் ஒட்டி வைத்தோம். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் வெளியூர் யாத்ரீகர்கள். குடும்பத்தோடு வந்து குடும்பத்தோடு போனவர்களைத் தேடி யாருமே வராத நாட்களும் இருந்தன. சில நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு பெரியவர் வந்து, படம் படமாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு படத்தின் முன்னால் நின்றுவிடுவார். அதில் முகம் அடையாளம் தெரியாது. புடவை தெரியும். அவர் கையெழுத்துப் போடும்போது நான் பேனாவைத் திறந்து கொடுப்பேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இறப்புச் சான்றுக்கும் நிவாரணத்துக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை. ஆனால் அந்த முகங்களைப் பார்த்தவன் சொல்கிறேன், அவர்கள் பணத்துக்காக வரவில்லை. தன் ஆள் எந்த மண்ணில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு போக வந்தார்கள்.

யார் இறந்தார், யார் காணவில்லை என்று கணக்கெடுக்கப் போனபோதுதான் எங்கள் புயல் ஃபைலில் இருந்த பெரிய ஓட்டை தெரிந்தது. அதில் குப்பத்தின் பெயர் இருந்தது, வீடுகளின் எண்ணிக்கை இருந்தது. ஆட்களின் பெயர் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தார்தான் கைகொடுத்தார்கள். மீனவர் கிராமங்களில் ஊர்ப் பொதுச் செலவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். அதற்கு ஒரு நோட்டு உண்டு. நனைந்து ஒட்டிப்போன அந்த நோட்டை ஒரு நாட்டார் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "ஏட்டையா, இதுல ஆம்பளயாளு பேருதான் இருக்கும். பொம்பளயும் புள்ளயும் நாங்க சொல்லித்தான் எழுதணும்" என்றார். இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை உறைக்கவே இல்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள். பெயர் எழுதப்படாதவர்கள்தான் அதிகம் போயிருந்தார்கள். தெருத் தெருவாக உட்கார்ந்து, ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் கீழே மனைவி, மகள், மருமகள், பேரப்பிள்ளை என்று வாயால் சொல்லச் சொல்ல எழுதினோம். சொல்லிக்கொண்டே வந்த ஒருவர் நடுவில் நிறுத்திவிடுவார். பக்கத்தில் இருப்பவர் மிச்சத்தைச் சொல்வார். எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன். ஓர் ஊரை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்தத் திண்ணைகளில் கற்றுக்கொண்டதுபோல வேறெங்கும் கற்கவில்லை.

டிசம்பர் 30-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று மறுபடியும் அலை வரலாம் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. அந்தச் செய்தி டி.வி.யில் போனதும் கல்யாண மண்டபங்களில் தங்கியிருந்தவர்கள் அப்படியே எழுந்து ஓடினார்கள். அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். உதவிக்கு வந்த வெளியூர்க்காரர்களும் ஓடினார்கள். திருவாரூர் சாலை முழுக்க வண்டிகள். எதிரே நிவாரண லாரிகள். எங்கள் காவலர்களின் கண்ணிலும் பயம் தெரிந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஊருக்குள்தானே இருந்தார்கள். அன்று வயர்லெஸ்ஸில் ஒருவர் 'வருது' என்றார், இன்னொருவர் 'வதந்தி' என்றார். அந்தக் குழப்பத்தில் கீழே நிற்கிற காவலர் எதை நம்பிச் சொல்வார்? கடைசியில் அதிகாரி ஒருவர் மைக்கில் இனி கண்ட்ரோல் ரூமைத் தவிர யாரும் எதையும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் நிலைமை கைக்கு வந்தது. ஓடுகிறவர்களை நாங்கள் தடுக்கவில்லை. நான்கு நாளுக்கு முன்னால் ஓடாததால் செத்தவர்களின் சொந்தங்களை எந்த முகத்தோடு தடுப்பது? ஒரு பக்கமாகப் போகவிட்டோம், மூத்தவர்களையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிவிட்டோம். அலை வரவில்லை. அன்று கற்ற பாடம், தவறான செய்தியைவிட இரண்டு வாயிலிருந்து வரும் செய்தி அதிகக் கேடு செய்யும் என்பது.

அதற்குள் நாடெங்கிலுமிருந்து லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. கொடுக்க வந்தவர்களின் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கண்ணில் படுகிற குப்பத்தில் நிறுத்தி, லாரியின் மேலிருந்து பொருளை வீசினார்கள். வலுத்தவன் பிடித்தான். கைக்குழந்தையோடு நின்றவள் கீழே விழுந்தாள். உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு எதுவும் போகவில்லை. பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நாறின. மானத்தோடு உழைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியை அந்தப் பெண்கள் தொடவே இல்லை. ஊருக்கு வெளியே லாரிகளை நிறுத்தி, என்ன இருக்கிறது என்று எழுதி வாங்கி, எந்த ஊருக்கு எது தேவையோ அங்கே ஒரு காவலரைக் கூட ஏற்றி அனுப்பும் ஏற்பாடு வந்த பிறகுதான் பொருள் ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து கலெக்டராக வந்த ஜே. ராதாகிருஷ்ணன் அதிகாரிகளையும் தொண்டு நிறுவனங்களையும் ஒன்றாக உட்காரவைத்து, யார் எந்த ஊர் என்று பிரித்துக் கொடுத்தார். அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசு தடுத்து, நாகையில் அன்னை சத்யா காப்பகத்தைத் திறந்தது. 'சித்தப்பா' என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பிள்ளையை அனுப்பவில்லை. அந்த வாசலில் பாரா நின்றதை என் பணியில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

பிறகு சட்டம் வந்தது. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அதன்படி மாவட்டம்தோறும் கலெக்டர் தலைமையில் ஆணையம், தேசியப் பேரிடர் மீட்புப் படை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம். 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகலில் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது செய்தி எங்களுக்கு வந்தது. மைக் கட்டிய ஜீப் குப்பத்துக்குள் போயிற்று. கரை காலியாயிற்று. அன்று பெரிய அலை எதுவும் வரவில்லை. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்த இளைஞர்களிடம் அந்தக் குப்பத்து அம்மா ஒருவர், "அன்னிக்கு இப்புடி ஒரு வண்டி வந்திருந்தா எம்மவ இருந்திருப்பா" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். புயல் வேதாரண்யம் பக்கம் நள்ளிரவுக்கு மேல் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய பகலில் ஓர் இளம் காவலர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஐயா, வீட்ல எத்தன பேரு? பேரு சொல்லுங்க. கைக்கொழந்த, நடக்க முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டு நோட்டில் எழுதினார். ஆண் பெயர், பெண் பெயர், பிள்ளை பெயர் என்று தனித்தனியாக எழுதினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு முகாமுக்குப் போனேன். கடலோர மாவட்டங்களில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் அன்று முன்கூட்டியே முகாம்களுக்குப் போயிருந்தார்கள். மரங்களும் மின்கம்பங்களும் சாலை முழுக்கச் சாய்ந்தன. தென்னை வைத்திருந்தவர்கள் வாழ்க்கையே சாய்ந்தது. உயிர்களும் போயின. ஆனாலும் எண்ணிக்கை ஆயிரங்களில் இல்லை. விடிந்ததும் முதல் வேலையாக ரம்பத்தோடும் பொக்லைனோடும் காவலர்கள் ரோட்டில் இறங்கியதைப் பார்த்தேன்.

இன்றைக்கும் குறை இல்லாமல் இல்லை. பட்டியல் ஒரு வருஷம் திருத்தாமல் விட்டால் பழசாகிவிடும். பிள்ளை பிறந்திருக்கும், பாட்டி படுக்கையில் விழுந்திருப்பாள், வாடகைக்கு வடநாட்டுத் தொழிலாளர்கள் வந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது. ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் தள்ளிப்போடப்படுவது இந்த வேலைதான். என்னிடம் படித்துப் போன இளம் எஸ்.ஐ.க்களுக்கு நான் சொல்வது, வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் ஒத்திகை என்று போலீசும் வருவாய்த் துறையும் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும், குடியிருக்கும் கூலித் தொழிலாளியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மாவட்டக் கண்ட்ரோல் ரூமின் எண் 1077, அதைச் சுவரில் எழுதி வையுங்கள். கிளம்பச் சொன்னால் சாமான் எடுக்க நிற்காமல் கிளம்புங்கள். எங்கேயாவது பெரிய விபத்தோ வெள்ளமோ என்று கேள்விப்பட்டால், உங்களுக்கு அங்கே வேலை இல்லையென்றால், வண்டியை எடுத்துக்கொண்டு பார்க்கப் போகாதீர்கள். அந்த ரோட்டில் யாரோ ஒருவர் மினி லாரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருப்பார். அவருக்கு வழி விடுங்கள்.